துருப்பிடிக்காத உலோகத்தில் விழுந்த துளை



இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் துருப்பிடிக்காது. இவ்விரு வாக்கியங்களையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்புத்தோறும் சொல்லிவந்தவன் நான். என்னிடம் அதைக் கேட்டு எழுதிக்கொண்ட மாணவர் ஒருவர் இன்று அமெரிக்க நாட்டின் ஃபிளாரிடா மாநிலத்தில் பொறியாளராக இருக்கிறார். 2019ஆம் ஆண்டில் அவருடைய அழைப்பின்பேரில் அங்கே சில வாரங்கள் தங்கியிருந்தேன். அப்போது, நான் சொல்லிவந்த இரண்டாவது வாக்கியம் எவ்வளவு அரைகுறையானது என்பதை அவருடைய பழைய படகொன்று எனக்குக் கற்பித்தது.

ஃபிளாரிடா முப்புறமும் கடலால் சூழப்பட்ட நிலம். அமெரிக்காவிலேயே மிகுதியான உல்லாசப் படகுகள் பதிவு செய்யப்பெற்றுள்ள மாநிலமும் அதுவே. நம்மூரில் வீட்டு வாயிலில் மோட்டார் வண்டி நிற்பதுபோல் அங்கே பல வீடுகளின் பின்புறத்தில் படகு நிற்கிறது. என் மாணவருடைய படகு 1988இல் கட்டப்பட்டது. அவர் அதனை மூன்றாம் கையாக வாங்கியிருந்தார். நீளம் 23 அடி. உடல் முழுவதும் கண்ணாடியிழையாலானது. பின்புறம் தளத்தின்கீழ் பெட்ரோல் இயந்திரம். அதற்குச் சற்று முன்னே, நாம் நின்று நடமாடும் தளத்தின் அடியில், ஏறத்தாழ 300 லிட்டர் கொள்ளும் அலுமினியத் தொட்டி. அத்தொட்டியைக் கண்ணால் காண இயலாது. வீட்டைக் கட்டுவோர் கடைக்காலை மண்ணில் புதைத்துவிடுவதுபோல், படகைக் கட்டியவர்கள் தொட்டியை வைத்து, சுற்றிலும் நுரைப்பொருளை ஊற்றி, அதன்மேல் தளத்தை ஒட்டி மூடிவிட்டிருந்தனர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மீன் பிடிக்கச் செல்வதாக ஏற்பாடு. மாணவரின் பெண்மக்கள் இருவரும் மிதவைச் சட்டையணிந்து முன்புறத்தில் அமர்ந்துவிட்டனர். தந்தை இயந்திர அறையின் மூடியைத் தூக்கியபோது பெட்ரோல் நெடி என் மூக்கில் ஏறிற்று. “இஃது என்ன?” என்று கேட்டேன். “படகு என்றால் கொஞ்சம் வாசனை இருக்கத்தானே செய்யும், ஐயா. பல மாதங்களாகவே இப்படித்தான்” என்றார். பள்ளி ஆய்வகத்தில் ஸ்பிரிட் புட்டிகளின் சாவியை நெடுங்காலம் இடுப்பிலேயே வைத்திருந்த எனக்கு அந்த மறுமொழி நிறைவளிக்கவில்லை. “தம்பி, இன்று கடலுக்குப் போகவேண்டா” என்றேன். அன்று பகல் முழுவதும் அக்குழந்தைகள் என்னுடன் பேசவில்லை.

பெட்ரோலைப் பற்றி நாம் நினைவில் வைக்கவேண்டியது, எரிவது அந்தத் திரவமன்று, அதிலிருந்து எழும் ஆவியே என்பதாகும். உறைநிலைக்குக் கீழே ஏறக்குறைய 40 பாகைக் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவியைத் தரவல்லது பெட்ரோல். அந்த ஆவி காற்றைப்போல் மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. தரைமீது ஓடும் மோட்டார் வண்டியில் பெட்ரோல் கசிந்தால் ஆவி கீழே இறங்கிக் காற்றோடு கலந்து போய்விடும். படகின் அமைப்போ நீர் புகாத கிண்ணம் போன்றது. நீரை உள்ளே விடாத அதே சுவர், ஆவியை வெளியே விடுவதில்லை. கசிந்த ஆவி படகின் அடிவயிற்றில் குளம்போல் தேங்கிவிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் ஆவி கலந்தாலே அது வெடிக்கத்தக்க கலவையாகும். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லிலிட்டர் பெட்ரோல் முற்றும் ஆவியாயின், இரண்டரைக் கன மீட்டர் காற்றை அந்நிலைக்குக் கொண்டுவந்துவிடும். இச்சிறு படகின் இயந்திர அறையை நிரப்ப அவ்வளவு வேண்டியதில்லை. சாவியைத் திருப்பும்போது எழும் ஒரு மின்பொறி எஞ்சியதைச் செய்துமுடிக்கும்.

அந்நாட்டில் இத்தகைய படகுகளில் சாவித் துளையருகே ஓர் எச்சரிக்கைப் பலகை இருத்தல் சட்டம். பெட்ரோல் ஆவி வெடிக்கக்கூடும். இயந்திரத்தை இயக்குமுன் ஊதுவிசிறியை நான்கு நிமிடங்கள் ஓடவிடுக. பின்னர் ஆவி இருக்கின்றதா என்று சோதிக்க என்பது அதன் கருத்து. என் மாணவர் விசிறியை நாள்தோறும் தவறாமல் ஓடவிட்டார். பலகையின் பின்பாதியைத்தான் மறந்துவிட்டார்.

மறுநாள் படகு கரையேற்றப்பட்டது. படகுத் தொழிலில் தலை நரைத்த தொழிலாளர் ஒருவர் வந்தார். அவர் எடுத்த எடுப்பில் தொட்டியைக் குறைகூறவில்லை. பெட்ரோல் நெடிக்குத் தொட்டியைவிட ரப்பர்க் குழாய்களே பெரும்பாலும் காரணமாயிருக்கும் என்றார். தூய கந்தைத் துணியொன்றைக் குழாய்மீது அழுத்தித் தேய்த்து முகர்ந்தார். முதுமையடைந்த குழாய் வெளிப்பார்வைக்கு நன்றாயிருப்பினும் அதன் சுவரின் வழியே பெட்ரோல் ஊறிவரும். துணி அதனைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கே துணியில் நெடி ஏறவில்லை. அடுத்துத் தளத்திலிருந்த சிறு வட்ட மூடியைத் திறந்து, தொட்டியின் மேல்முகத்தைக் கைவிளக்கால் பார்த்தார். சுண்ணாம்பை நீரில் குழைத்து அப்பியதுபோல் வெண்மையான பொடி அங்கே படிந்திருந்தது. அவர் ஒன்றும் பேசாமல் தலையசைத்தார்.

பெட்ரோல் முழுவதும் இறைக்கப்பட்டது. இனி அபாயமில்லை என்று நான் எண்ணினேன். அந்த எண்ணமும் பிழையாயிற்று. நிறைந்த தொட்டியில் ஆவிக்கு இடம் குறைவு. இருக்கும் சிறு இடத்திலும் ஆவி மிகுந்து, எரிவதற்குப் போதிய காற்று இராது. இறைத்த தொட்டியிலோ காற்று தாராளமாகப் புகும். சுவரில் ஒட்டிய துளிகள் ஆவியைத் தந்துகொண்டேயிருக்கும். ஆதலால் வெறுந்தொட்டியே நிறைதொட்டியினும் கொடியது. அவர் உலர்பனிக்கட்டித் துண்டுகளைத் தொட்டிக்குள் இட்டார். அவை உருகி நீராகாமல் நேரே கரியமில வாயுவாக மாறி, உள்ளிருந்த காற்றை வெளியே தள்ளின. ஆவி அளக்கும் கருவியைக் கொண்டு சுற்றுமுற்றும் பார்த்த பின்னரே தளத்தை அறுக்கத் தொடங்கினார். அப்போதும் மின்சார ரம்பத்தைத் தொடவில்லை. அதன் மோட்டாரில் உராயும் கரித்தூரிகைகள் ஓயாமல் பொறி சிந்துவன. அழுத்தக் காற்றால் ஓடும் ரம்பத்தையே பயன்படுத்தினார்.

தளத்தை அறுத்தெடுக்க அரை நாள். நுரையைத் தோண்டியெடுக்க இரண்டு நாள். அந்நுரை பாலியூரிதேன் எனும் பொருள். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் பொங்கியெழுந்து இறுகிவிடும். தொட்டியை அசையாமல் பற்றிக்கொள்ளும், படகு மிதக்கவும் உதவும், வேலையும் எளிது என்பதால் கட்டுவோர்க்கு அது விருப்பமானது. புதிதாயிருக்கையில் பஞ்சுபோல் இலேசாயிருக்கும் அப்பொருள், இங்கே துண்டு துண்டாக வெளிவந்தபோது ஊறின செங்கல்போல் கனத்தது. பிழிந்தால் நீர் சொட்டிற்று. நாவில் வைத்துப் பார்க்காமலே உப்புநீர் என்று தெரிந்தது. தொட்டியின் எடை ஒரு நெல்மூட்டையின் பாதிகூட இராது. எனினும் நுரையின் பிடி அத்தகையதாதலால் சங்கிலிக் கப்பி கொண்டே அதனைத் தூக்க நேர்ந்தது.

அதை நன்கு கழுவி ஆவி போக்கிய பின், கொட்டகையின் இருட்டில் வைத்து உள்ளே சிறு மின்விளக்கொன்றை இறக்கினார்கள். அடிப்புறத்தில் மூன்று இடங்களில், விண்மீன் போல ஒளி தெரிந்தது. ஒன்றாவது ஊசிக் காதைவிடப் பெரிதன்று. மற்ற இடங்களில் தகடு ஏறக்குறையப் பழைய கனத்துடனேயே இருந்தது! இரும்புத் தொட்டியாயிருப்பின் உடல் முழுவதும் செதில் செதிலாக உதிர்ந்து, பார்ப்பவரை முன்பே எச்சரித்திருக்கும். இதுவோ கறையான் புகுந்த கதவுநிலைபோல், வெளியே தெரியாமல் ஓரிரு புள்ளிகளில் மட்டும் உயிரிழந்திருந்தது. என் மாணவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “அலுமினியம் துருப்பிடிக்காது என்று நீங்கள்தாமே ஐயா சொன்னீர்கள்?” என்றார். அவர் முகத்தில் குறும்பு இருந்தது. என்னிடம் உடனே விடை இல்லை.

அன்றிரவு எண்ணிப் பார்த்துக் கண்டுகொண்ட விடையை உங்களுக்குச் சொல்கிறேன். அலுமினியம் பிராணவாயுவின்மீது இரும்பைவிட மிகுந்த பற்றுடையது. புதிதாக வெட்டிய அலுமினியத்தின்மேல் கண்ணிமைக்கும் நேரத்தில் ஆக்ஸைடுத் தோல் ஒன்று படர்ந்துவிடும். ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறளவே அதன் கனம். இரும்பின் துரு பொருக்காகப் பெயர்ந்து, அடியிலுள்ள இரும்பைத் திறந்து காட்டும். அலுமினியத்தின் தோலோ நெருக்கமாக ஒட்டிக்கொண்டு காவல் காக்கும். கீறல் விழுந்தால் காற்றிலுள்ள பிராணவாயுவைக் கொண்டு தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளும். ஆகவே, காற்று படும் வரையில் அலுமினியம் துருப்பிடிக்காது என்பதே முழு வாக்கியம். அந்த முன்பாதியைத்தான் நான் முப்பது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

இப்போது ஈரநுரையின் செயலை நோக்குங்கள். படகு அலையில் துள்ளத் துள்ள, தொட்டிக்கும் நுரைக்குமிடையே முடியிழை போன்ற இடைவெளி உண்டாகிறது. தளத்தின் பொருத்துவாய்கள் வழியே இறங்கும் மழைநீரும் கடல்நீரும் அதில் புகுந்து நின்றுவிடுகின்றன. வடிவதுமில்லை, உலர்வதுமில்லை. அந்நீரிலிருந்த சிறிதளவு பிராணவாயு விரைவில் தீர்ந்துவிடும். புதிதாக வருவதற்கு வழியில்லை. உப்பிலுள்ள குளோரைடு, ஆக்ஸைடுத் தோலை ஏதேனும் ஒரு நலிந்த புள்ளியில் துளைக்கிறது. அங்கே காற்று இல்லாமையால் காயம் ஆறுவதில்லை. மேலும், காற்றுச் சிறிது எட்டும் பகுதிக்கும் எட்டாத அப்புள்ளிக்குமிடையே ஒரு மின்கலம் உருவாகிறது. எட்டாத புள்ளியே கரையும் முனையாகிறது. கரைந்த அலுமினியம் நீருடன் வினைபுரிந்து அமிலத்தை விளைவிக்கிறது. அமிலம் மேலும் கரைக்கிறது. மேலும் குளோரைடு அங்கே இழுக்கப்படுகிறது. குழியின் வாயை வெள்ளைக் கூழ் ஒன்று மூடி, உள்ளே நடப்பதை மறைத்துக்கொள்கிறது. தகடு முழுவதும் பரவவேண்டிய அழிவு ஒரே புள்ளியில் ஊன்றி இறங்குவதால், ஓரங்குலத்தில் பத்தில் ஒரு பங்களவே கனமுள்ள தகடு பொத்தலாகிறது. தொட்டியைக் காப்பதற்கென்று வைத்த போர்வையே அதனைத் தின்றுவிட்டது. அலுமினியப் பாத்திரத்தைச் சுற்றி ஈரத்துணியைப் போட்டு வைக்காதே என்று எங்கள் பாட்டி சொல்வது வழக்கம். அவருக்கு வேதியியல் தெரியாது. பொத்தலான பாத்திரங்களைத் தெரியும்.

எவர்சில்வர் என்று நாம் பெயரிட்டழைக்கும் துருவேறா எஃகுக்கும் இவ்விதி பொருந்தும். அதுவும் காற்றை நம்பி வாழும் உலோகமே. தேங்கிய உப்புநீரில் பற்றவைத்த மூட்டுகளருகே அதற்கும் குழி விழும்.

1971இல் இயற்றப்பட்ட படகுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அந்நாட்டுக் கரைகாவற்படை வகுத்த விதிகள் இவற்றையெல்லாம் கருதியவையே. உலோகத் தொட்டியின் மேல் நீர் தங்காமல் வடிய வேண்டும். நுரை மட்டுமே தொட்டியைத் தாங்கும் பொருளாக இருத்தலாகாது. தொட்டியின் திறப்புகள் யாவும் உச்சியில் இருத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. இப்படகிலும் நீர் வடிவதற்கு ஒரு கால்வாய் விட்டிருந்தார்கள். ஊற்றிய நுரையின் ஒரு கட்டி அதன் வாயை அடைத்துக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாக அதனை எவரும் பார்த்ததில்லை, பார்க்க வழியுமில்லை.

ஓட்டைகளை மட்டும் அடைத்தால் ஆகாதா என்று நான் கேட்டேன். மூன்று புள்ளிகள் துளைத்துவிட்டன என்றால் முந்நூறு புள்ளிகள் துளைக்கக் காத்திருக்கின்றன என்றார் தொழிலாளர். அதற்குமேல் பேச்சில்லை.

புதிய தொட்டி எதனால் ஆவது? பாலியெத்திலீன் எனும் பிளாஸ்டிக் அரிக்கப்படுவதில்லை; ஆனால் பெட்ரோலை உட்கொண்டு நூற்றுக்கு இரண்டு பங்களவு பெருக்கும். ஒரு மீட்டர் நீளத் தொட்டி இரண்டு சென்டிமீட்டர் நீள்வதற்கு இடம் விடவேண்டும். நமக்கு வேண்டிய வடிவிலும் கிடைக்காது. கண்ணாடியிழைத் தொட்டிகள் முன்பு சில படகுகளில் இருந்தன. 2000ஆம் ஆண்டுக்குப் பின் அந்நாட்டுப் பெட்ரோலில் பத்தில் ஒரு பங்கு எத்தனால் கலக்கும் வழக்கம் பரவவே, பழைய தொட்டிகள் சிலவற்றின் பிசின் இளகத் தொடங்கியது. ஆகவே மீண்டும் அலுமினியமே தேர்ந்தெடுக்கப்பட்டது. சிறிது மெக்னீசியம் கலந்த, 5052 எனும் எண்ணால் வழங்கும் கலவை. தகட்டின் கனம் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. குற்றம் உலோகத்தினதன்று, அதை வைத்த முறையினதே என்பதை இப்போது மூவரும் ஒப்புக்கொண்டிருந்தோம்.

ஆதலால் வைக்கும் முறையில்தான் அவர்கள் நாட்களைச் செலவிட்டனர். நுரை அறவே இல்லை. தொட்டியின் அடியில் நீரை உறிஞ்சாத பிளாஸ்டிக் பட்டைகளை வைத்தனர். பட்டைக்கும் தகட்டுக்குமிடையே ஒரு துளி நீரும் புகாதவாறு நெகிழ்பசையை நிரப்பி ஒட்டினர். இல்லாவிடில் அப்பட்டையே இன்னொரு நுரையாகிவிடும். சுற்றிலும் விரல் நுழையும் அளவு வெளி. அதில் காற்று உலாவும். அடைபட்டிருந்த வடிகால் அகலமாக்கப்பட்டது. தொட்டி கால் அங்குலத்துக்குமேல் அசையாதபடி தாங்கிகளால் இறுக்கினர். பித்தளை இணைப்புகள் அலுமினியத்தை நேரே தொடாதவாறு இடையே துருவேறா எஃகு வைக்கப்பட்டது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அங்கும் ஒரு மின்கலம் தோன்றுமன்றோ? பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து தொட்டிவரை கம்பியொன்று இணைத்து, ஓடும் பெட்ரோலால் திரளும் நிலைமின்சாரத்துக்குப் போக்கு வகுத்தனர். ரப்பர்க் குழாய்கள் நன்றாயிருந்தும் அனைத்தையும் மாற்றினர். தளத்தை மற்றொரு முறை திறக்க யாருக்கும் விருப்பமில்லை.

பின்னர்ச் சோதனை. சதுர அங்குலத்துக்கு 3 பவுண்டு அழுத்தத்தில் காற்றடைத்துப் பார்த்தல் வழக்கம். மூன்று பவுண்டு என்றவுடன் அற்பமென எண்ணாதீர்கள். 40 அங்குல நீளமும் 20 அங்குல உயரமும் உள்ள ஒரு பக்கத்தின் பரப்பு 800 சதுர அங்குலம். அதன்மீது விழும் விசை 2,400 பவுண்டு, ஒரு டன்னுக்கும் மேல்! ஆகவேதான் பெரிய காற்றழுத்த இயந்திரத்தை நேரே இணைக்காமல், மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் கைப்பம்பைக்கொண்டு மெல்ல மெல்ல அடைத்தார்கள். மூட்டுகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்தார்கள், குமிழி எழவில்லை. மானியின் முள் மூன்றில் நின்றது. மாலை வரை அப்படியே விட்டுவைத்தோம்.

மாலையில் சென்று பார்த்தபோது முள் 2.7ஐக் காட்டிற்று. என் மாணவரின் முகம் வாடிவிட்டது. இணைப்புகளையெல்லாம் மறுபடி கழற்றத் தொழிலாளரும் ஆயத்தமானார். அத்தருணத்தில் எனக்கு வகுப்பறை கைகொடுத்தது. “நண்பகலில் வெப்பம் எவ்வளவு?” என்றேன். 35 பாகை. “இப்போது?” மழைமேகம் கவிந்து 30 பாகையாகியிருந்தது. மானியின் மூன்று பவுண்டோடு வாயுமண்டலத்தின் 14.7 பவுண்டைக் கூட்டினால் 17.7. வெப்பத்தைத் தனிச்சுழியிலிருந்து எண்ணினால் 308 பாகை, 303 ஆகக் குறைந்திருக்கிறது. 17.7ஐ 303ஆல் பெருக்கி 308ஆல் வகுத்தால் 17.4. அதிலிருந்து 14.7ஐக் கழிக்க எஞ்சுவது 2.7. காற்று எங்கும் போகவில்லை, குளிர்ந்து சுருங்கியிருக்கிறது. மறுநாள் நண்பகலில் வெயில் ஏறியதும் முள் தானே மூன்றுக்குத் திரும்பிற்று. தொழிலாளர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். துருவைப் பற்றிய என் பழைய பிழைக்கு அன்று ஓரளவு கழுவாய் தேடிக்கொண்டதாக எண்ணினேன்.

தளத்தை முன்போல் ஒட்டி மூடவில்லை. விளிம்பில் தாங்கு சட்டம் அமைத்து, அறுத்த விளிம்பின் மரப்பகுதியில் நீர் ஊறாதபடி பிசின் பூசி, திருகாணிகளாலும் நெகிழ்பசையாலும் பொருத்தினார்கள். அன்றியும், கைவிளக்கை இறக்கித் தொட்டியைப் பார்ப்பதற்கென இரண்டு வட்ட மூடிகளை வைத்தார்கள்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்திய ஞாயிறு, முன்னர்த் தடைபட்ட மீன்பிடிப்புக்குப் புறப்பட்டோம். மூத்த பெண் எச்சரிக்கைப் பலகையை உரக்கப் படித்தாள். இளையவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடங்களை எண்ணினாள். பின்னர் இயந்திர அறையின் மூடியைத் தூக்கச் செய்து, குனிந்து இரண்டு முறை நன்றாக முகர்ந்தாள். “ஒன்றுமில்லை, தாத்தா” என்றாள். தந்தை அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினார்.